பழுப்பு நிறத்தில் என் நரம்பு

தீய்ந்த வாடையை முதலில் பிடித்தவர் ஜெயா அக்காதான். பழனிசெட்டிபட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அன்று காலை நான் சளி மாதிரிகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தேன். காசநோய்க் கிருமி மெழுகுச் சட்டை போட்டது. சாதாரணமாகச் சாயம் ஏறாது. கண்ணாடித் தகட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி கிளம்பும்வரை கீழிருந்து சுடவைக்க வேண்டும்.

"ஏ பாண்டி, முடி கிடி கருகுதா பாரு" என்றார் ஜெயா அக்கா.

பின்னலைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தேன். தகடுகளைத் தாங்கும் இரும்புக் கம்பியின் மேல் என் வலது கையின் வெளி ஓரம், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள சதை, சாவகாசமாகச் சாய்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தால் தோல் வெள்ளையாக வெந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இது 2007 தை மாதம். எனக்கு இருபத்துமூன்று வயது. நுண்ணுயிரியல் படித்து, ஆய்வகப் பட்டயமும் முடித்து, அடுத்து என்ன படிக்கலாம் என்று துடித்துக்கொண்டிருந்த நேரம். உலகத்தில் உள்ள கிருமிகளின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பும் இருந்தது. அந்த நினைப்போடுதான் வெந்த இடத்தில் களிம்பைத் தடவிவிட்டு அடுத்த தகட்டை எடுத்தேன்.

இதை வாசிக்கும் யாருக்காவது சுண்டுவிரல் மரத்திருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்களுக்கெல்லாம் வலித்தால்தான் நோய். எனக்கு வந்ததன் முதல் அறிகுறி, வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காமல் இருந்தது. அதற்காக யாரும் மருத்துவரிடம் ஓடுவதில்லை. நானும் ஓடவில்லை.

கோம்பைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல். கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி கட்டி, அதில் கொடியைப் படரவிடுவது. கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து தெளிப்போம். அந்த நீலம் கையில் ஏறினால் தோல் வறண்டு, வெடித்து, காய்த்துப் போகும். விரல்நுனியில் உணர்ச்சி மந்தமாகும். இதற்குத் 'துத்தக் கை' என்று பெயர். எங்கள் பள்ளத்தாக்கில் பந்தல் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் ஒரு துத்தக் கையாவது இருக்கும்.

பொங்கல் விடுமுறையில் நானும் வெறுங்கையால் துத்தம் கலக்கியிருந்தேன். ஆகவே அப்பா என் கையைப் பார்த்ததும் சிரித்தார்.

"துத்தக் கைதான் ஆத்தா இது. எனக்கு இருவது வருசமா இருக்கு. இந்தா பாரு, பீடி நெருப்பு பட்டாக்கூட நாலு எண்ணுன பெறகுதான் சுடும்."

"உங்களுக்கு ரெண்டு கையும் மரத்திருக்கு. எனக்கு வலது கை மட்டும்தான மரத்திருக்கு?"

"நீ வலது கையாலதான கலக்குன? படிச்ச புள்ள, கையுறை போட்டுக் கலக்குவோம்ன்டு இல்ல."

அம்மா நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிட்டார். விவாதம் அதோடு முடிந்தது. இன்று நினைத்தால் என் மேல்தான் கோபம் வருகிறது. துத்தம் பட்டால் பத்து விரலும் மரக்க வேண்டும். எனக்கு மரத்தது சுண்டுவிரலும், மோதிர விரலில் பாதியும். மோதிர விரலின் ஒரு பக்கம் உயிரோடு இருந்தது, மறுபக்கம் இல்லை. விரலை நெடுக்காகப் பாதி பிரித்துத் தாக்குகிற துத்தம் கிடையாது. அப்படிப் பிரிப்பது நரம்பின் வரைபடம். அதை நான் பரீட்சையில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சொந்தக் கையில் அடையாளம் தெரியவில்லை.

மாசியில் சுண்டுவிரல் மற்ற விரல்களை விட்டு விலக ஆரம்பித்தது. சோறு பிசையும்போது அது மட்டும் தனியாக எழுந்து நிற்கும்.

"என்னடி, மகாராணி மாதிரி விரல மினுக்கிக்கிட்டுத் திங்கிற?" என்று அம்மா கேலி செய்தார். நானும் சிரித்தேன். சேர்த்து வைத்துப் பிசையப் பார்த்தேன். விரல் வரவில்லை. இடது கையால் பிடித்துச் சேர்த்து வைத்தேன்; விட்டதும் மறுபடி விலகி நின்றது.

எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். பந்தலில் கையைத் தூக்கி வேலை பார்க்கும் குடும்பம் என்று அப்பா சொன்னதும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அண்ணாந்து கொடி வெட்டிக் கவாத்து செய்து கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்றார். கழுத்துப் பட்டையும் பத்து ஊசியும் எழுதிக் கொடுத்தார். நான் வருடத்துக்குப் பத்து நாள் பந்தலில் நின்றால் பெரிது. அதை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்று வேலைக்குப் போனேன். பைப்பெட்டைப் பிடித்தால் நழுவியது. ரத்தம் எடுப்பதை ஜெயா அக்காவிடம் கொடுத்துவிட்டு, இடது கையால் எழுதப் பழகினேன்.

ஊசி பத்தும் முடிந்தது. கை அப்படியே இருந்தது. சித்திரை கடைசியில் நானே விசாரித்து மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். அப்பாவும் வந்தார்.

அவர் கழுத்தைப் பார்க்கவே இல்லை. என் முழங்கையை மடக்கி, உள்பக்க எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். பிறகு இடது முழங்கையில் அதே இடத்தை உருட்டினார். மறுபடி வலது.

"இங்கன தொட்டுப் பாரும்மா. கயிறு மாதிரி உருளுதா?"

உருண்டது. இடது பக்கம் நூல், வலது பக்கம் கயிறு.

"உடம்புல எங்கயாவது தேமல், படை, நிறம் மாறின இடம் இருக்கா?"

"இல்ல சார்."

"தொழுநோயா இருக்கலாம். தோல்ல காட்டாம நரம்புல மட்டும் வர்ற வகை ஒண்ணு உண்டு. இப்பல்லாம் யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல, ஒழிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிறாங்க."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கே போவது என்று தெரியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து நின்றார்.

"எவ்வளவு நாள் இருக்கு சார்?" என்று கேட்டேன். சாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கையைப் பற்றித்தான் கேட்டேன். அவருக்கும் புரிந்தது.

"செயலிழந்து ஆறு மாசத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சா பெரும்பாலும் மீட்கலாம். அதுக்கு மேல போனா விரல் மடங்கினபடியே நிக்கும். அப்புறம் அறுவை சிகிச்சைதான், அதுவும் முழுசா வராது. ஆனா உறுதி செய்யாம நான் மருந்து தர மாட்டேன். வேற நோயா இருந்தா இந்த மருந்தால கெடுதல் ஆகலாம்."

தையை ஒன்று என்று வைத்து எண்ணினேன். ஆனிக்குள் முடிந்தாக வேண்டும். என்னிடம் இருந்தது இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பஸ் உசிலம்பட்டி தாண்டிய பிறகு அப்பா சொன்னார்: "அவரு சும்மா மிரட்டுறாரு. நம்ம வம்சத்துல யாருக்கும் கெடையாது."

"வம்சத்துல வர்ற நோய் இல்லப்பா அது. கிருமி."

"மெதுவாப் பேசு" என்றார். பஸ்ஸில் எங்களைச் சுற்றி எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் திசுப் பரிசோதனை (சதையில் சிறு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்ப்பது). சுண்டுவிரலுக்குக் கீழே மரத்த தோலில் பயறு அளவு எடுத்தார்கள். மரக்க வைக்கும் ஊசி போடட்டுமா என்று செவிலியர் கேட்டார். "ஏற்கெனவே போட்டாச்சுக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. விதிப்படி ஊசியும் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. தோலுக்கு அடியில் கிரானுலோமா (எதையோ வளைத்துப் பிடித்து அழிக்க நோயெதிர்ப்புச் செல்கள் கட்டும் முடிச்சு) இருக்கிறது. சாயத்தில் கிருமி எதுவும் தெரியவில்லை. தொழுநோயாக இருக்கலாம். காசநோய்ச் சளியைக் கையாளும் பெண் என்பதால் தீப்புண் வழியாகத் தோலில் ஏறிய காசநோயாகவும் இருக்கலாம். கடைசி வரியில், 'எஸ்-100 சாயம் செய்து பார்க்கவும்' என்று ஆலோசனை.

அந்த இரண்டாவது 'இருக்கலாம்' எங்கள் வீட்டில் விளக்கேற்றி வைத்தது. அம்மா காசநோய்க்காக வேண்டிக்கொண்டார். ஆம், மகளுக்கு டி.பி.யாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் மாவிளக்கு நேர்ந்துகொண்டார். டி.பி.யை வெளியே சொல்லலாம். டி.பி. வந்தவர் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள்.

நான் தேனிக்குப் போய் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். எஸ்-100 என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதது எனக்கே அவமானமாக இருந்தது. ஒரு மணி நேரம் என்று போனவள் மூன்று மணி நேரம் படித்தேன்.

எஸ்-100 என்பது ஒரே புரதம் இல்லை, ஒரு குடும்பம். இருபதுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். எல்லாம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள். கால்சியம் என்றால் நாம் எலும்பை நினைக்கிறோம். செல்லுக்குள் அது ஒரு சமிக்ஞை. உள்ளே கால்சியம் கூடினால் இந்தப் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு வடிவம் மாறும். மாறியதும் வேறு புரதங்களோடு கோத்துக்கொண்டு, வளர், நகர், சண்டை போடு என்று வேலை ஏவும். கால்சியத்தைப் பிடிக்கும் அந்தப் பகுதியை விஞ்ஞானிகள் 'கை' என்றே அழைக்கிறார்கள். நீட்டிய ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் போல அதன் அமைப்பு இருக்கிறதாம். அந்த வரிக்கு வந்ததும் என் வலது கையை அப்படி நீட்டிப் பார்த்தேன்.

இக்குடும்பத்தில் ஒன்று இதயத் தசையில் வேலை செய்கிறது. இரண்டு பேர் ஜோடியாக வெள்ளணுக்களில் இருந்துகொண்டு, மூட்டிலோ குடலிலோ அழற்சி கண்டால் பெருகுகிறார்கள். மூளையில் அடிபட்டால் ஒன்று ரத்தத்தில் கசிகிறது. தோலின் நிறச் செல்லில் வரும் ஒரு கொடிய புற்றுநோயைக் கண்டுபிடிக்கவும் இதே சாயம்தான். எனக்கு வேண்டியது வேறு. நரம்பிழையைச் சுற்றி உறை போல இருக்கும் ஷ்வான் செல்களில் எஸ்-100 நிறைந்திருக்கிறது. தொழுநோய்க் கிருமி வீடு கட்டுவது சரியாக அந்தச் செல்லில்தான். முடிச்சுக்குள் நரம்பு சிதைந்து கிடந்தால், கிருமி கண்ணில் படாவிட்டாலும், நரம்பின் மிச்சம் எஸ்-100 சாயத்தில் பழுப்பாகத் தெரியும். காசநோய் முடிச்சு நரம்பைத் தேடிப் போய்த் தின்பதில்லை.

பெயருக்குக் காரணமும் இருந்தது. ஒரு குறிப்பிட்ட உப்பை நீரில் கரையக் கரையச் சேர்த்தால் புரதங்கள் ஒவ்வொன்றாகத் தோற்று அடியில் படியும். இவை மட்டும், உப்பு நூறு சதவீதம் நிறைந்த பின்னும் கரைந்தே நிற்கும் (எஸ் என்பது 'சாலியுபிள்', கரைவது). எனக்கு அந்தக் குணம் பிடித்துப் போனது. நோயாளி ஒருத்திக்குப் புரதத்தின் மேல் பிரியம் வரலாமா என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

மதுரை ஆய்வகத்தில் அப்போது இந்தச் சாயம் இல்லை. என் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அங்கே என்னோடு படித்த சுமதி ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருந்தாள். எங்கள் ஊரில் சென்னைக்கு எது அனுப்பினாலும் பழ லாரியில்தான். ஊறுகாய், பட்டுப்புடவை, ரேஷன் கார்டு எல்லாம் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே போய், மறுநாள் காலை கோயம்பேட்டில் இறங்கிவிடும். தபாலை விட நம்பிக்கை. கட்டியைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, சுமதியின் எண்ணை எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். வியாபாரியின் லாரியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்துச் சுமதியைக் கூப்பிட்டேன். "எதுவும் வரலயே பாண்டி. நீ இன்னும் அனுப்பலன்னுல்ல நினைச்சேன்" என்றாள்.

அப்பா பந்தலில் இருந்தார். கவாத்து முடிந்து கொடி மொட்டையாக நின்றது. நான் மருந்துக் கொட்டகைக்குள் போனேன். எங்கே வைத்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. துத்த மூட்டைக்குப் பின்னால், நாங்கள் யாரும் கை வைக்காத இடத்தில், டப்பா இருந்தது.

"இதென்னப்பா?"

கத்தரியைக் கீழே வைத்தார். மறைக்க முயலவில்லை.

"டி.பி. மாத்திரையே சாப்பிடுத்தா. டாக்டர் ரெண்டுல ஒண்ணுன்டுதான சொன்னாக."

"ரெண்டுல எதுன்டு தெரியாம சாப்பிட்டா கை போயிரும்."

"கை போனா வீட்டுக்குள்ள போகும். பேரு போனா?" அவர் குரல் உயரவே இல்லை. "நாளைக்கு இந்தப் பந்தல்ல கொத்து வெட்ட ஒரு பொம்பள வருவாளா? யாவாரி லாரிய அங்கனயே திருப்பிக்கிட்டுப் போயிருவான். அவுக வீட்டுப் பழம்ன்டு கைகாட்டுவாக. கையால வெட்டி, கையால அடுக்கி, ஊரு வாயில போடுற பொருளுத்தா இது. கத்தரிக்காயா, கழுவி வேகவச்சுத் திங்க?"

அவர் பயம் முட்டாள்தனம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

"ஒம்போது நாளுப்பா. என்கிட்ட இருந்ததே முப்பது நாளு. அதுல ஒம்போத எடுத்துத் துத்த மூட்டைக்குப் பின்னால வச்சுட்டீக."

அவர் என் சுண்டுவிரலைப் பார்த்தார். அப்போது அது முதல் கணுவில் மடங்கத் தொடங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு சென்னை பஸ் ஏறினேன். டப்பா மடியில் இருந்தது. அம்மா தடுக்கவில்லை. புளிசோறு கட்டிக் கொடுத்துவிட்டு, "அவரு வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார். "டப்பாவோட சென்னை பஸ் ஏறிட்டேன்டு சொல்லுங்க" என்றேன்.

சென்னையில் சுமதியின் ஆய்வகத்தில் இருந்த திசு மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. நான் ஆய்வகத்துக்காரி என்று சுமதி சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் சாயம் முடிந்ததும் என்னை அவர் அறைக்குள் கூப்பிட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கியில் எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னார்.

"வழக்கமா நோயாளிக்குக் காட்ட மாட்டேன்" என்றார். "நீ பாக்கணும்னு நினைக்கிறியா?"

"அதுக்குத்தான் மேடம் வந்தேன்."

வெளிர்நீலப் பின்னணி. மேலே தோலில் அங்கங்கே சிலந்தி போலப் பழுப்புப் புள்ளிகள். அவை தோலின் காவல் செல்கள், எல்லாருக்கும் இருக்கும், அவற்றைப் பார்த்துக் குழம்பாதே என்றார். தகட்டை நகர்த்தினார். கீழே முடிச்சு வந்தது. நீலச் செல்கள் நெருக்கியடித்துச் சுருண்டிருந்தன. அதன் நடுவே பழுப்பாக ஒரு கோடு. கோடு என்றுகூடச் சொல்ல முடியாது. மழையில் கரைந்துபோன கோலம் போல, இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு.

"இது உன் நரம்பும்மா. நடுவுல புகுந்து சாப்பிட்டிருக்கு. காசநோய் இல்ல."

நுண்ணோக்கிக்குள் அவருடைய அம்புக்குறி அந்தத் துண்டுகளின் மேல் மெல்ல நகர்ந்தது. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார் போல, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து மாதமாக என்னோடு பேசாத ஒன்று, கண்முன்னே நிறத்தோடு நின்றது. மிச்சம் இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

"பாதிக்கு மேல பிரவுன் இருக்கே மேடம்?"

"இருக்கு" என்றார். "அதனாலதான் சீக்கிரம் போன்னு சொல்றேன்."

ஆனி மூன்றாம் வாரத்தில் மருந்து தொடங்கியது. ஆறு மாதத்துக்கு இன்னும் சில நாட்கள் பாக்கி இருந்தன. கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மாதத்துக்கு ஓர் அட்டை, ஆறு மாதம். மாதத்தின் முதல் மாத்திரைகளை அவர்கள் கண்முன் விழுங்க வேண்டும், மீதியை வீட்டில் தினமும் ஒன்று. அட்டையைக் கொடுத்த சுகாதார ஆய்வாளர் நல்ல மனிதர். பதிவேட்டைத் திறந்துகொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பேரு இங்கனயே எழுதவாம்மா? நெறையப் பேரு ஆண்டிபட்டி, மயிலாடும்பாறைன்டு தள்ளிப் போயி வாங்கிக்கிருவாக. நான் ஏற்பாடு பண்ணித் தாரேன்."

"இங்கனயே எழுதுங்க சார். இனிசியலையும் சேத்து."

மாதத்தின் முதல் நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும். பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். தினமாத்திரை சிலருக்கு ரத்தத்தைக் குறைக்கும். நான் வாரம் ஒரு முறை என் ரத்தத்தை நானே எடுத்து ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டேன், இடது கையால். இதோடு நரம்பின் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து). நரம்பைக் காப்பாற்றியது இதுதான் என்றாலும், முகம் பூசணிக்காய் ஆகிவிடும். பசி அரக்கப் பசி. நான் ஒரே மூச்சில் ஆறு இட்லி சாப்பிட்டதைப் பார்த்து அம்மா, "நோயில விழுந்தவளா, நோயத் திங்க வந்தவளா?" என்றார். அந்த வீட்டில் பல வாரத்துக்குப் பிறகு கேட்ட முதல் வேடிக்கை அது. அப்பா எழுந்து கொல்லைக்குப் போனார். போகும்போது அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா, வேறா, நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

ஐப்பசியில், பழம் வெட்டுக்கு ஆள் வந்த நாளில் நான் பந்தலுக்குப் போனேன். அப்பாவிடம் அனுமதி கேட்கவில்லை, ஆனால் முன்கூட்டியே சொன்னேன். "சொல்லப் போறேன்ப்பா. வேற யாரும் சொல்லித் தெரியறதுக்கு முந்தி நானே சொல்லிப்புடுறேன்." அவர் தலையைத் திருப்பிக்கொண்டு பழப்பெட்டிகளை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்த பெட்டிகளையே மறுபடி எண்ணினார்.

எட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். என்ன நோய், எப்படி வந்தது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று, என்னிடமிருந்து யாருக்கும் பரவாது, பழத்திலும் வராது. அவ்வளவுதான் சொன்னேன்.

மாயக்காள் அத்தை எப்போதும் முன்வரிசையில் நின்று வெட்டுகிறவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏண்டி, கண்ணுக்கே தெரியாத நோய ஊரக் கூட்டிச் சொல்றியே, உனக்கென்ன மண்டைக்கோளாறா?"

"கண்ணுக்குத் தெரிஞ்ச பெறகு சொன்னா என்னத்தப் பிரயோசனம் அத்தை?"

இரண்டு பெண்கள் கத்தரியை வைத்துவிட்டுப் போனார்கள். ஆறு பேர் நின்றார்கள். கூலிக்காக நின்றார்களோ, என்னை நம்பி நின்றார்களோ, அதை நான் துருவவில்லை. வியாபாரிக்கு எப்படியோ செய்தி போய், அந்த முறை லாரி வரவில்லை. அப்பா வாடகை வண்டி பிடித்து, சின்னமனூர் சந்தையில் தானே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து விற்றுவிட்டு வந்தார். நட்டம்தான். யார் வீட்டுப் பழம் என்று கேட்டவர்களிடம் பெயரைச் சொல்லித்தான் விற்றாராம்.

நான்கு நாள் கழித்து மாயக்காள் அத்தை வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றுகொண்டே புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கினார். உள்ளங்கை அளவில் வெளிறிய ஒரு படை.

"இது ரெண்டு வருசமா இருக்குடி. தேமல்ன்டு மஞ்சள் தேச்சுக்கிட்டிருக்கேன். முள்ளு குத்தினாத் தெரிய மாட்டேங்குது. பாரு, சும்மா பாரு. அதுக்காக உனக்கு மண்டைக்கோளாறு இல்லன்டு சொல்ல மாட்டேன்."

மறுநாள் இருவரும் சேர்ந்தே சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

குணமாவது பற்றிச் சொல்ல வேண்டும். மருந்து கிருமியைக் கொல்கிறது. நரம்பு தானாகத்தான் திரும்பி நடக்க வேண்டும். சிதைந்த இடத்திலிருந்து விரல்நுனியை நோக்கி அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் போகும் என்று மதுரை மருத்துவர் சொன்னார். முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை நாடா வைத்து அளந்தேன். ஓராண்டுக்கும் மேல். அவசரக்காரியான எனக்கு இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது. மெழுகு ஒத்தடம், விரலைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி, தூங்கும்போது விரலை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி. அடுத்த வருடம் வைகாசியில் மணிக்கட்டின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல இருந்தது. தட்டிவிடப் பார்த்தேன். எறும்பே இல்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண் என்னை முறைக்கும் அளவுக்குச் சிரித்தேன்.

மோதிர விரல் முழுதாகத் திரும்பியது. சுண்டுவிரல் முக்கால் பங்கு நிமிர்கிறது. பைப்பெட் பிடிக்கிறேன், ரத்தம் எடுக்கிறேன், ரத்தக்குழாய் கிடைக்காத குழந்தைகளுக்குக்கூட ஒரே குத்தில் எடுத்துவிடுகிறேன். கையின் வெளி ஓரத்தில் தீப்பெட்டி அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் திரும்பவில்லை. போன மாதம் மருத்துவர் அதைப் பஞ்சால் தொட்டு, ஊசி நுனியால் குத்தி, கோப்பை மூடினார்.

"இதுக்கு மேல வர்றதுக்கு வாய்ப்பு இல்லம்மா."

"சரி சார். அந்த இடத்தோட வேலைய நானே பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வேலை இப்படி. தினமும் காலையில் கையை வெளிச்சத்தில் திருப்பி அந்த ஓரத்தைப் பார்க்கிறேன். சில நாள் அங்கே ஒரு கீறல் இருக்கும், அல்லது ஒரு கொப்புளம். எப்போது ஆனது என்று தெரியாது. அடுப்பா, பஸ் கம்பியா, பந்தல் கம்பியா என்று முந்தின நாள் முழுவதையும் திரும்ப ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பின் மற்ற இடமெல்லாம் இன்றைக்கு நடப்பதை இன்றைக்கே சொல்லிவிடுகிறது. அந்த ஓரத்தில் மட்டும் நான் ஒரு நாள் பிந்தி வாழ்கிறேன். பிந்தினாலும் போய்ப் பார்த்துவிடுகிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.